கொடையும் பெயரும்

நம் ஊர்க் கோயில்களில் தொங்கும் குழல்விளக்குகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். விளக்கின்மேல் சிவப்பு வண்ணத்தில் 'உபயம்' என்று தொடங்கிக் கொடுத்தவர் பெயர், அவர் தந்தையார் பெயர், ஊர், தொழில் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். எழுத்து மிகுந்த அளவுக்கு வெளிச்சம் குறைந்திருக்கும். அதைக் கண்டு நகைக்காதவர் நம்மில் இலர்.

அதே கோயில் பழங்கோயிலாக இருந்தால், அதன் சுவரில் மற்றொரு விளக்குக் கொடையும் பதிவாகியிருக்கும். நந்தா விளக்கு ஒன்று எரிவதற்காக இன்னார் இத்தனை ஆடுகளை விட்டார். அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் இவ்வளவு நெய் அளக்க வேண்டும். ஞாயிறும் திங்களும் உள்ளவரை இது நடைபெற வேண்டும் என்று கல்லில் வெட்டியிருப்பார்கள். இதைக் கண்டு நாம் நகைப்பதில்லை, நின்று படிக்கிறோம்.

இரண்டும் விளக்குக் கொடைகளே. இரண்டிலும் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. ஒன்று நகைப்பையும் மற்றொன்று மதிப்பையும் தருவது ஏன்? கைம்மாறு கருதாமல் கொடுத்தவர், 'என் பெயரைச் சொல்லுங்கள்' என்று கேட்கலாமா? கேட்டபின்னும் அது கொடையாகுமா, அல்லது புகழை விலையாகப் பெற்ற விற்பனையாகிவிடுமா? பெற்றவர்க்கு அப்பெயரைச் சொல்லும் கடமை உண்டா?

இவ்வினாவை அண்மைக் கால வரலாறு ஒன்றில் வைத்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் தில்லியை அடுத்த நகர்களிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அவ்வரலாற்றோடு நேரான தொடர்பு உண்டு. நம் பிள்ளைகள் கணிப்பொறித் துறையில் ஈட்டும் ஊதியத்தில் ஒரு பங்கு, யாரோ உலகுக்குப் பொதுவாக வழங்கிவிட்ட ஒரு செல்வத்தின்மேல் நின்று ஈட்டப்படுவது. அச்செல்வத்தின் பெயர் என்ன என்று அவர்களைக் கேட்டால், 'லினக்ஸ்' என்று ஒரே சொல்லில் விடை வரும். அவ்விடை முழு உண்மையா என்பதே இங்கு எழும் கேள்வி.

ஒருவர் தொடங்கியது

கணிப்பொறி என்பது வெறும் எந்திரம். அதன் உறுப்புகளை ஆட்சி செய்து, நாம் இடும் பணிகளை ஏற்று நடத்துவதற்கு ஒரு பெருநிரல் தொகுதி வேண்டும். அதனையே இயங்குதளம் என்கிறோம். அது இல்லாத கணிப்பொறி, அடுப்பும் பாத்திரமும் இருந்தும் சமைப்பவர் இல்லாத அடுக்களையை ஒக்கும்.

தொடக்கக் காலத்தில் பல்கலைக்கழகங்களில் இருந்தோர் தாம் எழுதிய நிரல்களை, அண்டை வீட்டார் சமையற்குறிப்பைப் பகிர்வதுபோலப் பகிர்ந்துகொண்டனர். நாளடைவில் நிறுவனங்கள் மூல நிரலை மறைத்துப் பூட்டத் தொடங்கின. நிரலை வாங்கியவர் அதனைப் பயன்படுத்தலாம்; திறந்து பார்த்தலும் திருத்துதலும் நண்பர்க்குக் கொடுத்தலும் குற்றமாயின. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதனை ஓர் அறக்கேடாகவே கருதினார். அண்டை வீட்டானுக்கு உதவுவதைக் குற்றமாக்கும் ஒப்பந்தத்தில் தாம் கையெழுத்திடுவது எவ்வாறு என்பது அவர் உள்ளத்தை வருத்திய வினா.

1983 செப்டம்பர் 27 அன்று, யுனிக்ஸ் என்னும் புகழ்பெற்ற இயங்குதளத்தைப் போன்ற ஒன்றை முழுவதும் புதிதாக எழுதி எல்லோர்க்கும் வழங்கப்போவதாக அவர் அறிவித்தார். அதற்குக் 'குனு' என்று பெயரிட்டார். 'குனு என்பது யுனிக்ஸ் அன்று' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன வேடிக்கைப் பெயர் அது. 1984 சனவரியில் வேலையைத் துறந்து அப்பணியில் இறங்கினார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். பயன்படுத்தவும், பயிலவும், திருத்தவும், பகிரவும் எல்லோர்க்கும் உரிமை. பகிர்வோர் தாம் பெற்ற அதே உரிமையைப் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும் என்னும் விதியை உடைய பொது உரிமத்தை 1989இல் வெளியிட்டார். 1990 அளவில் பதிப்பி, கம்பைலர், கட்டளைகளை ஏற்கும் ஷெல் எனப் பெரும்பாலான பகுதிகள் ஆயத்தமாயின. எந்திரத்தோடு நேரில் உறவாடும் 'கெர்னல்' என்னும் உட்கரு மட்டும் எஞ்சி நின்றது.

மற்றொருவர் முடித்தது

அவ்விடத்தை நிரப்பியவர் பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது மாணவர், லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆகஸ்ட் 25 அன்று, பொழுதுபோக்காகத் தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அவர் அறிவித்தார். தம் முயற்சி குனுவைப் போலப் பெரிதாக வளராது என்று அந்த முதல் அறிவிப்பிலேயே அடக்கத்தோடு குறித்தார். குனுவின் கம்பைலரும் ஷெல்லும் தம் உட்கருவின்மேல் இயங்கத் தொடங்கியதையும் அதிலேயே தெரிவித்தார். ஆக, முதல் நாளிலேயே அவ்விரு முயற்சிகளும் கைகோத்து நின்றன.

பெயர் பிறந்த கதை சுவையானது. டோர்வால்ட்ஸ் தம் படைப்புக்கு 'ஃப்ரீக்ஸ்' என்று பெயரிட எண்ணியிருந்தார். தம் பெயரோடு ஒட்டிய 'லினக்ஸ்' என்பது அவர் உள்ளத்தில் எழுந்ததாயினும், அது தற்புகழ்ச்சி ஆகும் என்று கூசினார். ஆனால் அக்கோப்புகளை உலகோர் பெறும்வண்ணம் கணிப்பொறி வலையில் களஞ்சியம் ஒன்றில் இடம் கொடுத்தவர் ஆரி லெம்கே என்பவர். அவருக்கு ஃப்ரீக்ஸ் என்னும் பெயர் பிடிக்கவில்லை. கோப்புகள் இருந்த அறைக்கு 'லினக்ஸ்' என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டார். அதுவே நிலைத்தது. பெயர் வைத்தவர் ஆக்கியோர் அல்லர், வழங்கியவர். இதனை நாம் மனத்தில் கொள்ளல் வேண்டும். ஒரு பொருள் எவர் கைவழியாக நம்மிடம் வருகிறதோ, அவர் இட்ட பெயராலேயே அதனை அழைக்கிறோம். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது புதிதன்று. விந்தியத்துக்கு வடக்கே நம்மை 'மதராசி' என்று அழைத்த பெயரும் நாம் வைத்துக்கொண்டது அன்று.

வழங்கலும் விலையும்

பொதுவாக வழங்கப்பட்ட பொருளை ஒருவர் காசுக்கு விற்கலாமா? இது இவ்வரலாற்றில் எழுந்த மற்றோர் அற வினா. டோர்வால்ட்ஸ் முதலில் வெளியிட்ட உரிமம், அனுப்பும் செலவுக்குக்கூடப் பணம் பெறலாகாது என்று தடுத்தது. நோக்கம் தூயது. ஆனால் அக்காலத்தில் வலையிணைப்பு உடையோர் சிலரே. ஏனையோர்க்கு யாராவது நெகிழ்வட்டுகளில் படியெடுத்துத் தரல் வேண்டும். அவ்வட்டுகளுக்கும் படியெடுக்கும் உழைப்புக்கும் செலவு உண்டு. காசு வாங்கலாகாது என்ற தூய்மை, பொருள் பலர் கையைச் சேராமல் தடுக்கும் வேலியாயிற்று. 1992இல் அவர் அத்தடையை நீக்கி, ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தையே தம் உட்கருவுக்கும் ஏற்றுக்கொண்டார்.

அப்பொது உரிமம் விற்பனையைத் தடுப்பதில்லை. ஸ்டால்மனே தம் பதிப்பி நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுக் காலம் தள்ளியவர். வாங்கியவர் அதனை நூறு பேர்க்கு இலவசமாகக் கொடுக்கலாம். அதனைத் தடுக்க அவர் முயலவில்லை. 'ஃப்ரீ' என்னும் ஆங்கிலச் சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே குறிப்பதால் ஆங்கிலம் பேசுவோர் இவ்விடத்தில் இடறுகின்றனர். 'இலவசம்' என்றும் 'கட்டற்றது' என்றும் இரு சொற்களை உடைய நமக்கு அக்குழப்பம் இல்லை. ஊர்ப் பொதுக்கிணற்று நீரை வீட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுபவர்க்குக் கூலி கொடுக்கிறோம். அது நீரின் விலையன்று. சுமந்த தோளுக்கு உரியது. கிணற்றைப் பூட்டினால்தான் அறம் கெடும்.

சுமந்தோர் பலர். 1992இல் மான்செஸ்டர் கணிப்பொறி மையத்தார் ஒரு தொகுப்பை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே எஸ்.எல்.எஸ். என்னும் தொகுப்பும் தோன்றியது. 1993 சூலையில் பாட்ரிக் வோல்கர்டிங்கின் 'ஸ்லாக்வேர்' வந்தது. கவனமின்றித் தொகுக்கப்பட்டவை மக்களை அலைக்கழிப்பதைக் கண்டு, ஆகஸ்டில் ஈயன் மர்டாக் என்னும் மாணவர் 'டெபியன்' தொகுப்பை அறிவித்தார். தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அப்பெயரை அமைத்தார். அன்பினால் பிறந்த அப்பெயரை எவரும் தற்புகழ்ச்சி என்று பழித்ததில்லை.

பெயர் வழக்கு

இத்தொகுப்புகள் பரவியபோது, உட்கருவின் பெயராகிய லினக்ஸ் முழுவதற்கும் பெயராயிற்று. குனு என்னும் பெயர் மறைந்தது. அப்பொழுதுதான் ஸ்டால்மன் 'குனு/லினக்ஸ் என்று சொல்லுங்கள்' என்று வேண்டத் தொடங்கினார். 1990களில் ஒரு வட்டு விற்பனையாளர் தம் தொகுப்பை அளந்து பார்த்ததில், மூல நிரலில் ஏறத்தாழ 28 விழுக்காடு குனுவுடையது, லினக்ஸ் உட்கரு ஏறத்தாழ 3 விழுக்காடு என்று கண்டதை அவர் சான்றாகக் காட்டினார். டெபியன் தொகுப்பினர் அவ்வேண்டுகோளை ஏற்றனர். ஏனையோரிற் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

ஏற்காதவர் கூற்றிலும் நியாயம் உண்டு. எஞ்சிய 69 விழுக்காடு யாருடையது? அவர்கள் பெயரையெல்லாம் சேர்த்தால் பெயர் ஒரு புராணமாக நீளாதா? வழக்கில் நிலைத்த சொல்லை மாற்றச் சொல்ல யாருக்கு உரிமை? விடுதலையை வழங்கியவர் நாவின் விடுதலையைக் கட்டலாமா? இவற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. நாமும் பல ஆண்டுகள் இப்பக்கமே நின்றோம். கொடுத்துவிட்டுப் பெயரைக் கேட்கும் முதியவரிடம் குழல்விளக்கு உபயக்காரரின் சாயலையே கண்டோம்.

நம் கருத்தை மாற்றியது ஒரு செய்தி. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பி.எஸ்.டி. நிரல்களின் பழைய உரிமத்தில் ஒரு விதி இருந்தது: அந்நிரலைக் குறிப்பிடும் விளம்பரம் ஒவ்வொன்றிலும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். பிறரும் அதனைப் பின்பற்றித் தத்தம் பெயரைப் புகுத்தினர். 1997இல் ஒரு தொகுப்பில் இத்தகைய கட்டாய நன்றியுரைகள் 75 இருந்தன என்று எண்ணிச் சொல்லி, இவ்விதியை நீக்குமாறு வாதிட்டவர் வேறு யாரும் அல்லர்; அதே ஸ்டால்மன். பல்கலைக்கழகம் 1999இல் அவ்விதியை நீக்கியது. அவர் எழுதிய பொது உரிமத்திலோ, தொகுப்புக்குக் குனு என்று பெயரிட வேண்டும் என்னும் கட்டளை இல்லை. சட்டத்தால் பெற்றிருக்கக் கூடியதை அவர் சட்டத்தால் பெற விரும்பவில்லை. வாய்விட்டு வேண்டினார், மறுத்தவர்க்கும் பொருள் மறுக்கப்படவில்லை.

கட்டாயத்தால் பெறும் நன்றி வரியாகும். மறக்கும் உரிமை பெற்றவன் மறவாமல் சொல்லும்போதுதான் அது நன்றியாகும். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை இல்லறத்தானுக்கு உரிய அறமாக வைத்தார். ஈகையை அடுத்துப் புகழை வைத்தார். கொடுத்தவர்க்குப் புகழ் சேர்வதை அவர் இழிவாகக் கருதவில்லை என்பது அதிகார வைப்பு முறையாலேயே விளங்கும்.

பெயரில் என்ன இருக்கிறது?

பொருள் பயன்பட்டால் போதும், பெயர் எதுவாயினும் என்ன என்று கேட்பார் உளர். அவர்களுக்கு இரு நிகழ்ச்சிகளைக் காட்டலாம்.

முதலாவது: பாஸ்டன் பகுதி வழக்கறிஞர் ஒருவர் 'லினக்ஸ்' என்னும் சொல்லை 1995இல் தம் பெயரில் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டார். 1996இல் அச்சொல்லைப் பயன்படுத்திய நிறுவனங்களிடம் பணம் கேட்டுக் கடிதங்கள் சென்றன. வழக்கு எழுந்தது, 1997இல் உடன்பாடு ஏற்பட்டு அக்குறி டோர்வால்ட்ஸுக்கு உரிமையாயிற்று. நிரல் எல்லோர்க்கும் பொதுவாக இருந்தது. பெயரைக் காப்பார் இல்லை. காவலற்ற பெயரின்மேல் பிறர் கை விழுந்தது.

இரண்டாவது இன்னும் ஆழமானது. இன்று நம் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸே. 2008இல் முதற்கருவி வந்தது முதல் அது உலகெங்கும் பரவியது. ஆனால் அதில் குனுவின் பகுதிகள் பெரும்பாலும் இல்லை. அக்கைப்பேசிகள் பலவற்றில், காசு கொடுத்து வாங்கியவரே இயங்குதளத்தைத் திருத்தி மாற்றிக்கொள்ள முடியாதபடி பூட்டு இருக்கிறது. உட்கரு வெற்றி பெற்றது. அது எந்த அறத்தின் துணையோடு பிறந்ததோ அவ்வறம் பின்தங்கியது. 'எல்லாம் லினக்ஸ்தானே' என்னும் ஒரு சொல்லுக்குள் இவ்வேறுபாடு புதைந்துபோகிறது. தம்முடைய புகழ் தேய்கிறதே என்று ஸ்டால்மன் வருந்தியிருந்தால் அதனை நாம் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஆனால் அவர் வேண்டிய பெயர் 'ஸ்டால்மன்' அன்று, 'குனு'. அஃது ஓர் ஆளின் பெயர் அன்று. ஒரு நோக்கத்தின் பெயர்.

கோயில் விளக்குகளின் வேறுபாடும் இதுவே. குழல்விளக்கில் உள்ள பெயர் கொடுத்தவரை மட்டும் காட்டுகிறது. கல்வெட்டில் உள்ள பெயரோ கொடையின் நோக்கத்தையும், பெற்றவர் ஆற்ற வேண்டிய கடமையையும் சேர்த்துக் காட்டுகிறது. ஆடுகள் எத்தனை, நெய் எவ்வளவு என்பது மறந்துபோனால் ஒரு நாள் விளக்கு அணைந்துவிடும். ஏன் அணைந்தது என்று கேட்பாரும் இரார்.

அப்படியாயின் எத்தனை பெயர்களைச் சொல்வது? நம் முன்னோர் ஒரு வழி காட்டியுள்ளனர். சங்கத் தொகைகளும் ஒருவகையில் தொகுத்து வழங்கியவையே. ஐங்குறுநூற்றின் நூற்பெயரில் எவர் பெயரும் இல்லை. ஆயினும் ஓரம்போகியார், அம்மூவனார், கபிலர், ஓதலாந்தையார், பேயனார் என்று பாடிய ஐவர் பெயரும், தொகுத்த கூடலூர் கிழார் பெயரும், தொகுப்பித்த சேர மன்னன் பெயரும் தனித்தனியே காக்கப்பட்டன. இயற்பெயர் தெரியாத புலவரையும், பாட்டில் உள்ள தொடர்கொண்டு செம்புலப்பெயனீரார் என்று பெயரிட்டு நிறுத்தினர். அழைக்கும் பெயர் சுருக்கமாக இருக்கலாம். நினைவு சுருங்கலாகாது என்பதே அம்மரபு.

நாம் செய்யக்கூடுவது

ஆதலின் நம் முடிவு இது. கொடுத்தவர் பெயரைக் கட்டளையாக்கலாகாது, வேண்டுகோளாக வைக்கலாம். பெற்றவர் அதனை மறுக்கலாம். ஆனால் அறியாமல் மறத்தல் ஆகாது. பேச்சில் 'லினக்ஸ்' என்று சுருக்கிச் சொல்வதைக் குற்றம் என்று நாம் கூறவில்லை. எழுதும்போதும் பிறர்க்குக் கற்பிக்கும்போதும் 'குனு/லினக்ஸ்' என்று ஒருமுறையேனும் முழுப்பெயர் சொல்லி, ஏன் அவ்வாறு சொல்கிறோம் என்பதை விளக்குதல் நம்மால் இயலும். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007இல் வெளியிட்ட இந்திய மொழிகளுக்கான இயங்குதளத்துக்குப் 'பாஸ் குனு/லினக்ஸ்' என்றே பெயரிட்டனர். தமிழில் பட்டிகள் தோன்றும் அத்திரையில் அப்பெயரும் நின்றது.

நம் பிள்ளைகள் மாலையில் பணி முடிந்து வீடு திரும்பும்போது, 'இன்று என்ன வேலை செய்தாய்?' என்று கேட்கிறோம். அவர்கள் சொல்வது நமக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. இனி அதனோடு மற்றொரு கேள்வியையும் கேட்கலாம்: 'நீ எழுதியது எதன்மேல் நின்று இயங்குகிறது? அதனைக் கொடுத்தவர் யார்? என்ன சொல்லிக் கொடுத்தார்?' இதற்கு அவர்கள் விடை தேடினால், அவர்கள் ஈட்டும் சோற்றுக்குப் பின்னால் உள்ள ஒரு கொடையை அறிவார்கள். அறிந்தவர்கள் அதனைப் பூட்டி வைக்கக் கூசுவார்கள். தாமும் ஒரு சிறு நிரலையேனும், ஒரு தமிழ்ச் சொல்லையேனும் அப்பொதுக் கிணற்றில் சேர்ப்பார்கள். விளக்கைக் கொடுத்தவர் கேட்டதும் அந்த நாள்நெய்தான்.